ஒரு மாதம் என்று சொன்னேன்

என் மனைவியின் மார்பில் இருந்த கட்டியை முதலில் தொட்டுப் பார்த்தவன் நான். ஒன்றுமில்லை என்று சொன்னவனும் நான்தான். அதன் பிறகு ஏழு மாதம் அவள் எந்த டாக்டரிடமும் போகவில்லை. சுற்றி வளைத்து எழுதினால் எனக்கு நானே சலுகை கொடுத்துக்கொள்வேன் என்று தெரியும். அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நான் படிக்காதவன் இல்லை. வேதியியலில் முதுகலைப் பட்டம். ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் செலக்டராக இருந்தேன். பதனிட்டு வந்த தோல்களை ஒவ்வொன்றாக மேசையில் விரித்து, தடவி, மடக்கி, கட்டைவிரலால் அழுத்தி, இது முதல் தரம், இது இரண்டாம் தரம், இது கழிவு என்று பிரிக்கும் வேலை. உண்ணி கடித்த தழும்பு, அம்மை வடு, முள் கீறல், உள்ளே சதை விட்டுப்போன இடம் எல்லாம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே என் விரலுக்குத் தெரியும். வெளிநாட்டிலிருந்து வாங்க வருபவர்கள் நான் அழுத்திப் பார்க்கும்வரை பேசாமல் நிற்பார்கள். "அவரு கட்டவெரல வெச்சா முடிஞ்சிபோச்சு, ஜட்ஜு கையெழுத்துப் போட்ட மாதிரி" என்று முதலாளி பாய் எல்லாரிடமும் சொல்வார். அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த திமிர் என்னுடையது. தோலை மட்டுமல்ல, வேறு எதைத் தொட்டாலும் தீர்ப்புச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து கதவைச் சாத்தினாள்.

"இன்னாங்க, இங்க கொஞ்சம் தொட்டுப் பாருங்க. கோலிகுண்டு மாதிரி இன்னாவோ இருக்குது."

வலது மார்பின் மேல்பக்கம், அக்குளை ஒட்டி. தோலை அழுத்துவது போலவே அழுத்தினேன்.

"வலிக்குதா?"

"இல்ல."

"வெரலுக்கு நகருது பாரு. கொழுப்புக் கட்டி. ஒண்ணுமில்ல."

"டாக்டராண்ட காட்டிட்டு வரட்டுமா?"

"காட்டினா வெட்டணும்னுவான். அவனுக்கு அதான் பொழப்பு."

அவள் சிரித்தாள். "பெரிய செலக்டரே சொல்லிட்டாரு, அப்புறம் இன்னா" என்று ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு சமையலுக்குப் போனாள். நான் விட்ட இடத்திலிருந்து பேப்பரைப் படித்தேன். எந்தச் செய்தி என்று இப்போது நினைவில்லை. அந்தச் செய்தியை முடிக்காமல் எழுந்து, அவளை ஆட்டோவில் ஏற்றியிருந்தால் போதும்.

அவளும் படித்தவள்தான், வேலை பார்ப்பவள்தான். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பிரிவுக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு மிஷின் பழக்கிக் கொடுக்கும் மேற்பார்வையாளர். ஐம்பத்தைந்து வயதில் இருநூறு பெண்களை அதட்டி வேலை வாங்குகிறவள் என் சொல்லை ஏன் நம்பினாள்? நம்ப ஆசைப்பட்டாள். பயந்தவர்களுக்கு 'ஒண்ணுமில்ல' என்பது மருந்து மாதிரி. அந்த மருந்தைக் கொடுக்க எனக்கு என்ன தகுதி இருந்தது?

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் கேட்டாள். கீரை ஆய்ந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "எத்தினி வாட்டி சொல்றது? அதையே தடவிக்கிட்டு இருந்தா பெருசாத்தான் ஆவும்" என்றேன். மருத்துவத்தில் இப்படி ஒரு விதி இருப்பதாக அந்த நிமிடத்தில் நானே கண்டுபிடித்தேன்.

மூன்றாவது முறைதான் என்னால் இன்றும் தாங்க முடியாதது. ஐந்தாவது மாதம். தொட்டேன். கட்டி பெருத்திருந்தது. விரலுக்கு நகரவில்லை. அதற்கு மேலே தோல் லேசாக உள்ளே இழுத்துக் குழி விழுந்திருந்தது. என் விரலுக்குத் தெரிந்துவிட்டது. முதல் முறை நான் சொன்னது அறியாமை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது முறை அப்படி இல்லை. எங்கள் ஒரே மகளுக்குத் திருப்பத்தூரில் ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தோம். அது முடியட்டும் என்று ஒரு நினைப்பு. இது அதுவாக இருக்கக் கூடாது என்று இன்னொரு நினைப்பு. எல்லாவற்றுக்கும் மேல், நான் முதலில் சொன்னது தப்பு என்று ஆகிவிடக் கூடாது என்ற நினைப்பு. கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டு, "அப்டியேதான் இருக்குது" என்றேன்.

இதற்குக் கோழைத்தனம் என்று பெயர். வேறு பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அவளைக் காப்பாற்றியது நான் இல்லை. அவள் கம்பெனியில் பெண்களுக்கு மருத்துவ முகாம் நடத்தினார்கள். பரிசோதித்த நர்ஸ் ஒரே முறை தொட்டுவிட்டு, "நாளைக்கே வேலூர் போறேன்னு சொல்லுங்க, அப்பதான் எழுந்திரிக்க விடுவேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டாளாம். மறுநாள் பஸ் ஏறினோம். வேலூர் வரும்வரை நான் ரோட்டைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். நான் திரும்பவில்லை.

ஊசி போட்டுத் தசை எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். ஒரு வாரத்தில் பெயர் சொல்லிவிட்டார்கள். புற்றுநோய். அக்குளிலும் பரவியிருந்தது. அந்த டாக்டரம்மாவுக்கு என் மகளைவிட நான்கைந்து வயது அதிகம் இருக்கும். ஃபைலைத் திறந்து, "எப்பம்மா முதல்ல கவனிச்சீங்க?" என்று கேட்டார்.

என் மனைவி வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். "ஒரு மாசம் இருக்கும் டாக்டர்."

டாக்டர் எழுதிக்கொண்டார். என் மனைவி மடியிலிருந்த பையின் பிடியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். அவள் உடம்பைப் பற்றிய கணக்கில், அவளுக்கு முன்னாலேயே, நான் பொய் எழுத வைத்தேன். அதற்கு ஐந்து விநாடி ஆகியிருக்குமா? அவ்வளவுதான் ஆனது.

மார்பை எடுத்துவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து முதல் கீமோ. இருபத்தொரு நாளுக்கு ஒரு முறை வீதம் எட்டுத் தடவை என்றார்கள்.

அவள் பயந்த பயத்தை நான் பார்த்தேன். அவள் அழுது புரளவில்லை. குளியலறைக் கண்ணாடியைக் கழற்றிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து ஜன்னல் ஓரம் வைத்துக்கொண்டாள். தொற்றிக்கொள்ளும் வியாதி இல்லை என்று டாக்டர் இரண்டு முறை சொல்லியிருந்தார். வேதியியல் படித்த எனக்குச் சொல்லாமலே தெரியும். அந்த டம்ளரை எடுத்து மற்றவற்றோடு வைத்திருக்க வேண்டியவன் நான். வைக்கவில்லை. உள்ளுக்குள் எனக்கும் அது தனியாக இருப்பதே நல்லது என்று இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது. கூசட்டும்.

தெருவில் யாருக்கும் உண்மையைச் சொல்லவில்லை. கர்ப்பப்பை ஆபரேஷன் என்றேன். அதுதான் எல்லாரும் மேற்கொண்டு கேட்காமல் விடுகிற ஆபரேஷன் என்று கணக்குப் போட்டேன். பக்கத்து வீட்டு பாய் அம்மா மட்டும் விடவில்லை. நோன்புக் கஞ்சி கொண்டுவந்தவர் வாசலிலேயே நின்று என்னைப் பார்த்தார்.

"கர்ப்பப்பையா எடுத்தாங்க?"

"ஆமாங்க."

"எனக்கும் எடுத்திருக்குது. நான் வயித்தப் பிடிச்சிக்கிட்டு நடந்தேன். உங்க வூட்டுல ஏன் கையப் பிடிச்சிக்கிட்டு நடக்குறாங்க?" பாத்திரத்தை என் கையில் திணித்தார். "பொய் சொல்றதுன்னா டாக்டர் புக்கு படிச்சிட்டுச் சொல்லுங்க சார். கஞ்சி சூடா இருக்குது, அவுங்களுக்கு குடுங்க. நீங்க ஜாஸ்தி குடிக்காதீங்க."

அவர் போன பிறகு உள்ளே அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு முதல் சிரிப்பு. எனக்கோ கோபம் வந்தது.

திருப்பத்தூர்க்காரர்கள் பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லியனுப்பினார்கள். முதல் கீமோ முடிந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. தள்ளிப் போட்டிருக்கலாம். தள்ளிப் போட்டால் ஏன் என்று கேட்பார்கள், விசாரிப்பார்கள், பெண்ணுக்கும் வருமோ என்று பயப்படுவார்கள். வரச் சொன்னேன். அன்று காலை ஒரு காரியம் செய்தேன். அலமாரியிலிருந்து என் கைக்குட்டைகள் நான்கை எடுத்து, உருண்டையாகச் சுருட்டி, அவளிடம் நீட்டினேன்.

"இத உள்ள வெச்சிக்க. வித்தியாசம் தெரியுது."

அவள் கைக்குட்டைகளையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். வாங்கிக்கொண்டாள். ஆறாத தையலின் மேல் என் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, உதிரத் தொடங்கிய முடியை மறைக்கப் பூவை ஜாஸ்தியாக வைத்துக்கொண்டு வந்து நின்றாள். தோலில் இருக்கிற ஓட்டையை மெழுகு தடவி மறைத்து முதல் தரக் கட்டுக்குள் சொருகுகிறவர்களை முப்பத்து நான்கு வருடம் பிடித்துக் கொடுத்தவன் நான்.

மாப்பிள்ளையின் அம்மா நல்ல மனுஷி. என் மனைவி காபித் தட்டை இடது கையால் நீட்டியதைப் பார்த்து, தப்பாக எடுத்துக்கொள்ளாமல், "இன்னாங்க, கைல அடி கிடி பட்டுச்சா?" என்று கேட்டார்.

"கீழ வுழுந்துட்டா" என்றேன் நான்.

என் மனைவி தட்டைக் கீழே வைத்தாள். "வுழல" என்றாள். "எனக்கு மார்ல கேன்சர். இந்தப் பக்கம் எடுத்துட்டாங்க. அக்குள்ளயும் வெட்டியிருக்காங்க, அதான் கை தூக்க முடியல. மருந்து ஏத்திக்கிட்டு இருக்கேன். சொல்லாம பொண்ணு குடுக்கக் கூடாது, அதான் சொல்றேன்."

அந்த அம்மா எழுந்து வந்து அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் காபியை வேகமாகக் குடித்தார்கள். அரைமணி நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து, ஜாதகம் ஒத்துவரவில்லை என்று தரகர் போன் செய்தார். முன்பே பார்த்து ஒத்துவந்த ஜாதகம் அது.

அவர்கள் கார் தெருமுனை திரும்புவதற்குள் நான் கத்தத் தொடங்கினேன்.

"இன்னாடி பண்ணி வெச்சிருக்க? ஒரு மணி நேரம் வாய மூடிக்கிட்டு இருக்க முடியாதா? உன்னால அவ வாழ்க்க போச்சு!"

ஒரு மார்பை இழந்து, உடம்பெல்லாம் மருந்தோடு நிற்கிறவளிடம் இதைச் சொன்னேன். அவள் ஜாக்கெட்டுக்குள் கைவிட்டு நான்கு கைக்குட்டைகளையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். ஒன்றில் லேசாக ரத்தக் கசிவு இருந்தது. அறைக்குள் போய்ப் படுத்துவிட்டாள்.

மகள்தான் என் எதிரில் வந்து நின்றாள். வாணியம்பாடியில் வங்கியில் வேலை பார்க்கிறாள். சத்தம் போட்டுப் பேசாதவள். அன்றும் போடவில்லை.

"எனக்காகன்னு சொல்லாதப்பா. உன் மானத்துக்காகப் பண்ண. என் பேர அதுல இழுக்காத."

இரண்டாவது கீமோவுக்கு நாள் வந்தது. காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால்தான் வேலூரில் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். அவள் எழுந்தாள், காபி போட்டாள், உட்கார்ந்துவிட்டாள்.

"நான் வரல."

"இன்னா வரல? விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"வரல. போய்ட்டு வந்து இன்னா பண்றது? ஒளிஞ்சிக்கிட்டு உக்காந்திருக்கிறதுக்கா?"

கெஞ்சினேன். மிரட்டினேன். மகள் அழுதாள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது; காய்ச்சல் என்று சொன்னேன். அங்கேயும் பொய். இரண்டு நாள் போயிற்று, நான்கு நாள் போயிற்று. மருந்தை இடையில் விட்டால் என்ன ஆகும் என்று போனில் தேடித் தேடிப் படித்தேன். படித்ததை அவளிடம் உரக்கச் சொன்னேன். பயமுறுத்தினால் வருவாள் என்று நினைத்தேன். ஏற்கெனவே பயத்துக்குள் இருப்பவளை இன்னும் பயமுறுத்துவதுதான் எனக்குத் தெரிந்த வழி.

"எனக்கு சாவப் பத்தி சொல்லிக் குடுக்கிறீங்களா?" என்றாள். "அத நெனச்சிக்கிட்டேதான் பல்லு வெளக்குறேன், அத நெனச்சிக்கிட்டேதான் சோறு துன்றேன். நீங்க புச்சா இன்னா சொல்லப் போறீங்க?"

ஆறாவது நாள் மத்தியானம், நான் எதுவும் கேட்காமலே பேசினாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"நான் வர்றேன். ஒண்ணு பண்ணணும்."

"சொல்லு."

"அந்தக் கேஸ் கட்டுல ஒரு மாசம்னு எழுதியிருக்குது. அத நீங்க மாத்தணும். என் எதிர்ல, அந்த டாக்டரம்மாகிட்ட, நீங்க வாயால சொல்லணும்."

"இப்ப அதனால இன்னா ஆவப் போவுது? ஆபரேஷனே முடிஞ்சிபோச்சு."

அவள் திரும்பினாள். அவ்வளவு கோபத்தை அந்த முகத்தில் முப்பது வருடத்தில் நான் பார்த்ததில்லை.

"ஒவ்வொரு வாட்டி போறப்பவும் யாரோ ஒரு புள்ள அந்தக் கட்டப் பிரிச்சிப் பாக்குறா. ஒரு மாசத்துல இவ்ளோ பெருசா ஆச்சான்னு என்ன ஏற எறங்கப் பாக்குறா. நான் சொரண இல்லாம இருந்தேன்னு நெனைக்கிறா. நான் சொரணையோடதான் இருந்தேன். மூணு வாட்டி சொன்னேன். மூணாவது வாட்டி தொட்டப்ப உங்க மூஞ்சி செத்துபோச்சு. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். அப்பவும் அப்டியேதான் இருக்குதுன்னீங்க. நானும் நம்புற மாதிரி இருந்துட்டேன், அது என் தப்பு. அத நான் சொல்லிக்கிறேன். உங்களுத நீங்க சொல்லுங்க. எனக்கு இந்தப் பொய்யோட அங்க போய்ப் படுத்துக்க முடியல. படுத்தா இன்னும் இன்னா இன்னா மறைக்கிறாங்களோன்னுதான் பயமா இருக்குது."

அவளுக்குத் தெரியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. மாதக்கணக்கில் நான் காப்பாற்றிக்கொண்டிருந்த ரகசியம் அவள் கையில்தான் இருந்திருக்கிறது.

சரி என்று உடனே சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. சொல்லவில்லை. தெருவில் இறங்கி ரயில்வே கேட் வரைக்கும் நடந்தேன். ஆம்பூர் முழுக்க என்னைத் தெரியும். ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியாது. தெரியாத ஒரு பெண்ணின் முன்னால் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அதற்கு எனக்கு ஒரு ராத்திரி தேவைப்பட்டது. அவளுக்கு உயிர் போகிற விஷயம். எனக்கு முகம் சுருங்குகிற விஷயம். இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்த மனுஷன் நான்.

மறுநாள் போனோம். எங்களுக்கு முன்னால் பதினைந்து இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். முறை வந்தது. டாக்டர், "ஏம்மா ஒரு வாரம் தள்ளிப் போச்சு, காய்ச்சல் எப்படி இருக்கு?" என்றார்.

"காய்ச்சல் இல்லீங்க டாக்டர். அவரு ஒண்ணு சொல்லணுமாம்" என்று என் மனைவி நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

சொன்னேன். "முதல் நாள் ஒரு மாசம்னு சொன்னேன். அது பொய். ஏழு மாசம். முதல் நாளே என்கிட்ட காட்டினா. நான் தொட்டுப் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு சொன்னேன். அஞ்சாவது மாசம் தொட்டப்ப பெருசாயிருந்தது எனக்குத் தெரிஞ்சுது. அப்பவும் சொல்லல." தோல் கம்பெனியில் தரம் பார்க்கிறவன், அதனால் தொட்டுப் பார்த்தால் தெரியும் என்று நினைத்துவிட்டேன் என்பதையும் உளறினேன். மன்னிப்புக் கிடைக்கும் என்று நினைத்தோ என்னவோ.

அந்த டாக்டரம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. ஃபைலில் அந்த வரியைக் கண்டுபிடித்து ஒரு கோடு போட்டு அடித்தார். மேலே 'ஏழு மாதம்' என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டார். பிறகு என் மனைவியிடம் ஃபைலைத் திருப்பிக் காட்டினார்.

"சரியா இருக்காம்மா?"

அவள் குனிந்து படித்தாள். "சரியா இருக்குதுங்க."

"சீக்கிரம் வந்திருந்தா அக்குளுக்குப் போகாம இருந்திருக்குமான்னு கேட்டா, இருந்திருக்கலாம். உறுதியா என்னால சொல்ல முடியாது. இனிமே என்ன பண்ணணும்கிறது மட்டும் உறுதியாத் தெரியும். இப்ப உங்களுக்கு எது ரொம்பப் பயமா இருக்கு?"

அதுவரை அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. நான் கேட்டதில்லை. அவள் வரிசையாகச் சொன்னாள். வாந்தி பயமில்லை, முடி போனால் பயமில்லை. மிஷினில் மறுபடியும் உட்கார முடியுமா, இந்தக் கை தூக்குமா, மகளுக்கு வருமா, திரும்பி வந்தால் தனக்கு எப்படித் தெரியும். டாக்டர் ஒவ்வொன்றுக்கும் தெரிந்ததைச் சொன்னார், தெரியாததைத் தெரியாது என்றார். சுவரில் விரல்களை நடக்கவிட்டு மெதுவாகக் கையை உயர்த்தும் பயிற்சியைச் செய்து காட்டினார். இவளும் அங்கேயே, அந்த அறையின் சுவரில், என் முன்னாலேயே செய்தாள். தோள் உயரத்துக்கு மேல் போகவில்லை. முகம் கோணியது. "நாளைக்கு இன்னும் ஒரு வெரல் மேல போவும்" என்றாள். என்னிடம் இல்லை; டாக்டரிடம்.

அன்றே மருந்து ஏற்றிக்கொண்டாள். மீதி ஆறையும் ஒரு நாள் தப்பாமல் ஏற்றிக்கொண்டாள். கதிர்வீச்சும் முடித்தாள். வாயெல்லாம் புண்ணாகி மோர் மட்டும் குடித்த நாட்கள் உண்டு. வலி வந்தால் கத்தினாள். பயம் வந்தால் பயம் என்று சொன்னாள். மொட்டைத் தலையோடு வாசலில் உட்கார்ந்து பாய் அம்மாவோடு பேசினாள். யாராவது "ஐயோ பாவம்" என்று தொடங்கினால், "பாவம் கீவம் வேணாம், அக்குள்ல கட்டி இருக்குதான்னு நீங்க பாத்துக்குங்க" என்பாள். வீட்டுச் சுவரில் விரல் எட்டிய இடத்திலெல்லாம் பென்சில் கோடு போட்டாள். ஐந்து மாதத்தில் கோடுகள் கதவு நிலைக்கு மேலே போய்விட்டன.

கடையில் விற்ற செயற்கை மார்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. வேர்க்கிறது, நழுவுகிறது என்றாள். வேலூர் லாங் பஜாரில் மெல்லிய பருத்தித் துணி வாங்கினாள். கம்பெனியிலிருந்து ஷூவின் கழுத்துப் பட்டைக்குள் வைக்கிற பஞ்சு ரப்பர் துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்தாள். பஞ்சை வெட்டி, ஓரத்தைச் சீவி மெல்லிசாக்கி, எடை இரண்டு பக்கமும் சமமாக இருக்க நடுவில் கடுகு வைத்து, தானே தைத்தாள். நான் நல்ல துண்டாகப் பொறுக்கித் தருகிறேன் என்று கையை நீட்டினேன்.

"நீங்க தொடாதீங்க" என்றாள்.

இரண்டாவதாகத் தைத்ததை ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த குடியாத்தத்து நெசவுக்காரப் பெண்ணுக்குக் கொடுத்தாள். அந்தப் பெண் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். அப்போதும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. நான்கு கைக்குட்டையை நீட்டிய கை என்னுடையது.

ஒரு வருடம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். முதல் நாள் மேலாளரிடம் கேட்டு, சாப்பாட்டு இடைவேளையில் பெண்களை உட்கார வைத்துப் பேசினாள். என்னையும் வரச் சொல்லியிருந்தாள். ஏன் என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை, போனேன். கேன்டீன் வாசலுக்குப் பக்கத்தில் நின்றேன். டிபன் பாக்ஸைத் திறந்தபடி ஐம்பது அறுபது பெண்கள்.

"வலிக்கலன்னா ஒண்ணுமில்லன்னு நெனைக்காதீங்க. எனக்கும் வலிக்கல. இதோ நிக்கிறாரே, இவரு எங்க வூட்டுக்காரரு. முப்பது வருசம் தோலு பாத்தவரு. தொட்டுப் பாத்துட்டு ஃபர்ஸ்ட் குவாலிட்டின்னு சொல்லிட்டாரு."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். முன்வரிசையிலிருந்த ஒருத்தி, "சாருக்கு அபராதம் போட்டீங்களாக்கா?" என்று கேட்டாள். இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள்.

"அபராதம்தான், இட்டாந்து நிக்க வெச்சிருக்கேனே. நல்லாப் பாத்துக்குங்க. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா வூட்டுக்காரன்கிட்ட காட்டாதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க. அப்புறமா வூட்டுக்காரன்கிட்ட சொல்லுங்க. அதுவும் தோணுச்சின்னா."

அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது இரண்டு பெண்கள் தனியாக வந்து அவள் காதில் ஏதோ சொன்னார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு மறுநாளே வேலூர் போனாள். என்ன ஆனது என்று எனக்குச் சொல்லவில்லை. அது அவர்கள் விஷயம் என்றாள்.

இப்போது நான்கு வருடம் ஆகிறது. பரிசோதனைக்குப் போகும் வாரத்தில் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. பயம் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவள் பயத்தோடு பஸ் ஏறுகிறாள், பயத்தோடு ரிப்போர்ட் வாங்குகிறாள், நன்றாக இருக்கிறது என்று தெரிந்ததும் ஒரு பொட்டலம் முறுக்கு வாங்கிக்கொண்டு வருகிறாள். மகளும் வருடம் தவறாமல் பரிசோதித்துக்கொள்கிறாள். கல்யாணம் அவளே பார்த்துச் செய்துகொண்டாள். எல்லாம் தெரிந்த வீட்டில்.

போன மாதம் ஒரு காலையில் மனைவியிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வயதாக ஆக இந்தக் கேள்வி தொண்டையில் உட்கார்ந்துகொள்கிறது. "என்ன மன்னிச்சிட்டியா?" என்றேன்.

அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"மன்னிச்சிட்டேன்னு சொன்னா இன்னா பண்ணுவீங்க?"

"நிம்மதியா இருப்பேன்."

"எனக்கு நிம்மதி இல்லாத எடத்துல உங்களுக்கு மட்டும் இன்னாத்துக்கு? ரெண்டு பேரும் இப்டியே இருப்போம்." பையைத் தோளில் மாட்டினாள். வலது தோளில். "ரேஷன் கடைக்குப் போய்ட்டு வாங்க. லேட்டாப் போனா பருப்பு இருக்காது."

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அவள் போய்விட்டாள். நான் பையை எடுத்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனேன்.